மின்சாரக் கார் பழுதுபார்ப்பது கௌரவக் குறைச்சல் அல்ல

திண்டுக்கல்லில் இருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் டூ முடித்த மகன் மின்சாரக் கார் வேலை கற்கப் போகிறேன் என்கிறான், "பையனை மெக்கானிக் ஆக்கவா படிக்க வைத்தீர்கள்?" என்று பெரியப்பா கேட்கிறார், தூக்கம் போய்விட்டது என்கிறீர்கள். கவலை புரிகிறது. ஆனால் நகையை அடகு வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் கணினிப் பொறியியல் சீட்டு வாங்கும் யோசனையை இன்றே கைவிடுங்கள். வட்டி கட்டப் போவது பெரியப்பா அல்ல. பிடிக்கவில்லை என்று வாய்விட்டுச் சொன்ன பாடத்தில் ஒரு பிள்ளையை நான்கு ஆண்டுகள் உட்கார வைக்க யாருக்கும் உரிமை இல்லை.

அவன் கேட்கும் வேலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். கார் சார்ஜ் ஏறவில்லை என்று ஒருவர் வருகிறார். வேகச் சார்ஜரில் ஏறுகிறது, வீட்டில் மட்டும் ஏறவில்லை என்றால், முதல் சந்தேகம் வீட்டு இணைப்பின் மீதும், வீட்டு மின்சாரத்தைப் பேட்டரிக்கேற்ற நேர்மின்சாரமாக மாற்ற காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் மீதும்தான். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் மறுத்துவிடும். பேட்டரியில் குறையே இருக்காது. காரும் சார்ஜரும் 'கண்ட்ரோல் பைலட்' என்ற கம்பி வழியே பேசிக்கொள்கின்றன. அதில் 12 வோல்ட் இருக்கும். பிளக்கைச் செருகியதும் 9 ஆகும், கார் தயாரானதும் 6 ஆகும். 9-லேயே நின்றுவிட்டால், சார்ஜர் அனுமதி தரவில்லையா, கார் தயாராகவில்லையா என்று தேட வேண்டும்.

ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் போகும்போது ஒழுங்கே வேறு. பல கார்களில் அங்கே 300, 400 வோல்ட் நேர்மின்சாரம் இருக்கிறது, உயிரைப் பறிக்கும். சார்ஜரைக் கழற்றி, காரை அணைத்து, பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவித் தன் பொறுப்பில் பூட்டி வைக்க வேண்டும். மின்தேக்கிகள் வடியும் வரை, தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருக்க வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையில் காற்றடைத்து ஓட்டை பார்த்து, அதன்மேல் தோல் கையுறை போட வேண்டும். மின்சாரம் போய்விட்டதா என்று பார்க்கும் மீட்டரை முதலில் மின்சாரம் உள்ள இடத்தில் சோதித்து, பிறகு காரில் வைத்து, மறுபடி பழைய இடத்தில் சோதிக்க வேண்டும். ஏனென்றால் கெட்டுப்போன மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும். இவ்வளவு செய்த பிறகும் பேட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

அவசரக்காரனுக்கு ஆகாத வேலை இது. உங்கள் மகன் இன்வெர்ட்டரைக் கழற்றும் முன் ஒவ்வொரு ஒயரையும் நோட்டில் வரைந்துகொள்கிறான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமையை ஏன் குறையாகச் சொல்கிறீர்கள்?

அரசு ஐடிஐக்களில் 'மெக்கானிக் எலெக்ட்ரிக் வெஹிக்கிள்' என்ற இரண்டு ஆண்டுப் பிரிவு வந்திருக்கிறது. பயிற்சிக் கட்டணம் இல்லை. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. முடித்தபின் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும், அதற்கடுத்து பி.இ. இரண்டாம் ஆண்டிலும் நேரடியாகச் சேரலாம். பட்டம் வேண்டும் என்று பின்னால் தோன்றினாலும் வழி அடைபடவில்லை.

குறுகிய காலப் பயிற்சி என்று பெருந்தொகை கேட்கும் இடங்களில் பட்டறையைப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். 48 வோல்ட் ஸ்கூட்டரை மட்டும் வைத்துக்கொண்டு உயர் மின்னழுத்தம் கற்பிக்க முடியாது. 60 வோல்ட் நேர்மின்சாரத்துக்கு மேல்தான் அந்தக் கணக்கே தொடங்குகிறது. கார் இருக்கிறதா, மின்காப்பைச் சோதிக்கும் கருவி இருக்கிறதா, கையுறைகளை எப்போது பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முறையாகக் கற்கும் வரை அவன் யாருடைய காரையும் திறக்கக் கூடாது. இதில் மட்டும் அவனிடம் கண்டிப்பாக இருங்கள்.