கெர்னலுக்குள் சிக்னலைத் தேடும் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிகிறது. கூடப் படிப்பவர்கள் ஆப், ஏஐ என்று ஏதேதோ செய்து காட்டும்போது, உங்கள் பெண் மட்டும் கறுப்புத் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டு ‘லினக்ஸ் கெர்னலில் சிக்னலை ட்ரேஸ் பண்றேன்’ என்கிறாள். இதற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். கொடுக்கிறார்கள். ஆனால் அந்த வேலை வேறு பெயர்களில் விளம்பரமாகிறது. அதனால்தான் நீங்கள் தேடியபோது கண்ணில் படவில்லை.

அவள் செய்வது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி. ட்ரேஸ் என்றால் உள்ளே நடப்பதைப் பின்தொடர்ந்து வரி வரியாகப் பதிவு செய்வது. கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் ஒரு பிராசஸ். ‘நில்’, ‘முடித்துக்கொள்’ என்று அதற்குச் சொல்ல கெர்னல் கொண்டு சேர்க்கும் எண்தான் சிக்னல். கன்ட்ரோல்-சி அழுத்தினால் போவது 2. கையில் இருப்பதை முடித்துவிட்டுக் கிளம்பு என்பது 15. நினைவகத்தில் தொடக்கூடாத இடத்தைத் தொட்டால் வருவது 11. 9 வந்தால் பேச்சுக்கே இடமில்லை. சாதாரண புரோகிராம் எதுவும் அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியாது.

இப்போது ஒரு நிறுவனத்தின் டேட்டாபேஸ் நள்ளிரவில் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சியிருப்பது 137 என்ற எண் மட்டும். சிக்னலால் செத்த பிராசஸுக்கு, 128-உடன் சிக்னல் எண்ணைக் கூட்டி முடிவு எண்ணாகக் காட்டுவது வழக்கம். 128-உடன் 9-ஐக் கூட்டினால் 137, ஆகவே அதற்கு 9 போயிருக்கிறது. அனுப்பியது யார்? 9 வாங்கிய புரோகிராமுக்குக் கடைசி வரி எழுதக்கூட அவகாசம் கிடையாது, அதனிடம் பதில் இருக்காது. எஸ்ட்ரேஸ் என்ற கருவி, நாம் முன்கூட்டியே ஒட்டவைத்த பிராசஸை மட்டுமே பார்க்கும், அதன் வேகத்தையும் கெடுக்கும். மொத்தக் கணினியிலும் யார் யாருக்கு எதை அனுப்பினார்கள் என்பது கெர்னலுக்குத்தான் தெரியும்.

அதைப் பார்க்க கெர்னலிலேயே இரண்டு ட்ரேஸ்பாயின்ட்கள், அதாவது நடப்பதைப் பதிவு செய்ய வைத்திருக்கும் கண்காணிப்பு இடங்கள், இருக்கின்றன. சிக்னல் உருவாகும் இடத்தில் ஒன்று, பிராசஸின் கையில் சேரும் இடத்தில் ஒன்று. இவற்றை எஃப்ட்ரேஸ், பெர்ஃப், பிபிஎஃப்ட்ரேஸ் என எந்தக் கருவியைக் கொண்டும் படிக்கலாம். இரண்டுக்கும் நடுவில்தான் விஷயமே இருக்கிறது. உருவான சிக்னல் உடனே சேர வேண்டும் என்பதில்லை. பிராசஸ் அதை பிளாக் செய்திருந்தால் (இப்போதைக்கு வேண்டாம் என்று நிறுத்திவைத்திருந்தால்) காத்துக் கிடக்கும். 31 வரையிலான சிக்னல்களில் ஒன்று காத்திருக்கும்போதே அதே எண் அதே வரிசைக்கு மறுபடி வந்தால் இரண்டாவது காணாமல் போய்விடும். ஒரு பிராசஸ் உருவாக்கிய இரண்டு சைல்டு பிராசஸ்கள் அடுத்தடுத்து முடிந்து, உருவாக்கிய பேரன்ட்டுக்கு ஒரே தகவல் மட்டும் போய்ச் சேரும் வினோதம் இதனால்தான்.

சரி, கருவியை ஓட்டத் தெரிந்தால் போதுமா? போதாது. இந்த இடத்தில்தான் நல்ல பிள்ளைகளும் சறுக்குகிறார்கள். ட்ரேஸ் வரியின் தொடக்கத்தில் ஒரு பிராசஸின் பெயர் இருக்கும். ‘இதுதான் அனுப்பியது’ என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். உண்மையில் அது, அந்த நொடியில் அந்த சிபியு-வில் ஓடிக்கொண்டிருந்த பிராசஸ், அவ்வளவுதான். அதே வரியில் கூடவே வரும் ‘கோட்’ என்ற எண் 0 என்றால் ஒரு புரோகிராம் கேட்டு அனுப்பியது. அப்போது முன்னால் இருக்கும் பெயரை நம்பலாம். 128 என்றால் கெர்னலே அனுப்பியது. நினைவகம் தீர்ந்துபோய் கெர்னல் ஒரு பிராசஸைக் கொல்லும்போது, வரியின் முன்னால் நிற்பது பெரும்பாலும் அந்த நேரத்தில் நினைவகம் கேட்டு வந்த ஏதோ ஓர் அப்பாவி. அதன்மேல் பழி போட்டு ரிப்போர்ட் எழுதினால் ஒரு டீமே தவறான திசையில் அலையும். இந்த வித்தியாசத்தை, கெர்னல் தன் செய்திகளை எழுதிவைக்கும் டீஎம்இஎஸ்ஜி பதிவோடு ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

அந்த வேலைகளின் பெயர்கள் இவை: சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர், பெர்ஃபார்மன்ஸ் இன்ஜினியர், பிளாட்ஃபார்ம் இன்ஜினியர், எம்பெடட் லினக்ஸ் டெவலப்பர். டேட்டாபேஸ், கன்டெய்னர், கண்காணிப்பு மென்பொருள் செய்யும் நிறுவனங்களிலும் இடமுண்டு. கன்டெய்னரை, அதாவது ஒரு புரோகிராமை அதற்குத் தேவையானவற்றோடு தனியே அடைத்து ஓட்டும் முறையை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே முதல் பிராசஸாக ஓடும் புரோகிராம் 15-க்குத் தனியாக ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் பகுதி) வைக்காவிட்டால், கெர்னல் அந்தச் சிக்னலையே ஒதுக்கிவிடும். கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ், 15-க்குப் பின் வழக்கமாக 30 விநாடி பொறுத்திருந்து 9-ஐ அனுப்பும். ‘எங்கள் சர்வீஸ் நிற்க ஏன் அரை நிமிடம் ஆகிறது’ என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் இடத்தில், உங்கள் பெண் ட்ரேஸில் ‘ஒதுக்கப்பட்டது’ என்ற குறியைக் காட்டி முடித்துவிடுவாள்.

உங்கள் பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கெர்னல் டெவலப்பர் என்ற நேரடிப் பதவிகள் புதியவர்களுக்குக் குறைவு. முதல் கட்டத் தேர்வுகளில் டேட்டா ஸ்ட்ரக்சர், அல்காரிதம் கேட்பார்கள். சிக்னலைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அந்தப் பயிற்சியை விட்டுவிட்டு ட்ரேஸிலேயே மூழ்கிக் கிடக்கிறாள் என்றால் அது மட்டும் கவலைப்பட வேண்டியது. தினமும் அதற்கென்று ஒரு நேரத்தை ஒதுக்கச் சொல்லுங்கள். மீதி நேரத்தில் தலையிடாதீர்கள்.

அவள் வேலை செய்கிறாளா, சும்மா சுற்றிக்கொண்டிருக்கிறாளா என்று உங்களுக்குக் கணினி தெரியாமலே கண்டுபிடிக்கலாம். ‘இந்த வாரம் எந்த பிராசஸ் ஏன் செத்தது?’ என்று கேளுங்கள். கருவிகளின் பெயராக அடுக்கினால் இன்னும் தொடக்கத்தில் இருக்கிறாள். ‘இது செத்தது, இது அனுப்பியது, இப்படித்தான் உறுதி செய்தேன்’ என்று கதையாகச் சொன்னால் நிம்மதியாக இருங்கள். சி மொழியில் கெர்னலின் சிக்னல் டாட் சி கோப்பைப் படிக்க ஆரம்பித்துவிட்டாளா என்றும் கேட்டுவையுங்கள். சோதனைகளையெல்லாம் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் தனிக் கணினி போன்ற மென்பொருளில்) செய்வது நல்லது, வீட்டு லேப்டாப்பில் வேண்டாம்.

அவுட்ரீச்சி, 2005 முதல் நடக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோட், லினக்ஸ் ஃபவுண்டேஷனின் மென்டர்ஷிப் ஆகியவை, திறந்த மூல மென்பொருளில் வழிகாட்டியோடு வேலை செய்யப் புதியவர்களுக்கான திட்டங்கள். அவற்றின் விண்ணப்ப நாட்களையும் தகுதி விதிகளையும் அவளே பார்க்கட்டும். இடம் கிடைக்காவிட்டாலும் கெர்னலைச் சோதிக்கும் செல்ஃப்டெஸ்ட் பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பி, அது ஏற்கப்பட்டால், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய சான்று அது.

அப்புறம் ரெஸ்யூமே. ‘லினக்ஸ் கெர்னல் அறிவு’ என்று போட்டிருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில், ‘கன்டெய்னர் தாமதமாக நிற்பதன் காரணத்தை சிக்னல் ட்ரேஸ்பாயின்ட்கள் மூலம் கண்டறிந்து, ஹேண்ட்லர் சேர்த்துச் சரிசெய்தேன்’ என்பதுபோல அவள் உண்மையில் செய்ததை ஒரே வரியில் எழுதட்டும். ட்ரேஸ் வெளியீட்டையும் விளக்கத்தையும் குறியீடுகளைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் போட்டு இணைப்புக் கொடுக்கட்டும். எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.