மூன்றாம் எண் அறைத் துரை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் பெரிய சாலையில் ஒரு பழைய ஓட்டல் பல வருடமாக மூடிக் கிடக்கிறது. கீழே கோப்பிக்கடை, மாடியில் ஆறு அறைகள். கம்யூனிஸ்டுகள் சுட்ட வெள்ளைக்காரத் துரை ஒருவர் அங்கே மூன்றாம் எண் அறையில்தான் உயிரை விட்டார் என்று பாட்டி சொல்வார். இன்றும் நடுராத்திரியில் கதவைத் தட்டி மலாயில் நெருப்பு கேட்பாராம். ஜப்பான்காரன் அங்கே தலை வெட்டினான் என்றும் ஒரு பேச்சு உண்டு. போன வாரம் இருட்டும் நேரத்தில் கடை முன்னால் உள்ள ஐந்தடி நடைபாதையில் நின்று நானே கேட்டேன். மாடியில் 'டக் டக்' என்று சத்தம், கூடவே கீச்சுக் குரல்கள். இதில் எவ்வளவு உண்மை?

கோ., சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள கோ.,

முதலில் சத்தத்தை முடித்துவிடுவோம். பகலில் போய் மாடிச் சன்னல்களைப் பாருங்கள். செங்கல் வைத்து அடைத்துச் சின்ன ஓட்டைகள் மட்டும் விட்டிருந்தால் உங்கள் பேய்க்கு இறக்கை உண்டு. வாலிட் குருவி, தமிழில் உழவாரன். அதன் எச்சில் கூட்டுக்குச் சீனர்களிடம் நல்ல விலை. குருவியை வரவழைக்க ஒலிபெருக்கியில் கீச்சுக் குரலைப் போட்டுவிடுவார்கள். அந்த 'டக் டக்' குருவியுடையதேதான். இருட்டில் நாக்கைச் சொடுக்குவது போல ஒலி எழுப்பி, எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும். வௌவாலும் இதைத்தான் செய்கிறது, ஆனால் குருவியின் ஒலி நம் காதுக்கே கேட்கும். போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு போனது. அப்புறம் எத்தனையோ ஊர்களில் பழைய வாடகைக்காரர்கள் கிளம்ப, மாடிகளில் குருவிகள் குடியேறின.

சரி, துரைக்கு வருவோம். அவர் கதைக்கு வேர் இருக்கிறது. 1948 ஜூன் 16, புதன்கிழமை காலை. உங்கள் ஊர் வட்டாரத்து எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கரை அவர் அலுவலகத்திலேயே சுட்டார்கள். சிறிது நேரத்தில் இன்னொரு தோட்டத்தில் ஜான் அலிசனையும் அவருடைய உதவியாளர் இயன் கிறிஸ்டியனையும் கொன்றார்கள். கிறிஸ்டியனுக்கு வயது 21. இரண்டே நாளில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் மலாயா முழுவதற்கும் வந்தது, 1960 ஜூலை 31 வரை நீடித்தது. மூவரும் செத்தது தோட்டத்தில், புதைக்கப்பட்டது பத்து காஜா கல்லறையில். ஓட்டலுக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

இருக்கவும் முடியாது. துரைக்குப் பங்களா இருந்தது, கிளப் இருந்தது. கோப்பிக்கடை மாடியில் ஒற்றைக் கட்டிலில் அவர் ஏன் படுக்கப் போகிறார்? அங்கே தங்கியவர்கள் சரக்கு விற்க வந்தவர்கள், லாரிக்காரர்கள், மாற்றலாகி வந்து வீடு கிடைக்காத கிராணிகள், அதாவது குமாஸ்தாக்கள். இன்னொன்று, அந்தக் காலத்துத் துரைகள் பலருக்குத் தமிழ் வரும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் திட்டுவதற்காவது வேண்டுமே. உங்கள் துரை மலாயில் நெருப்பு கேட்பதிலேயே கதை கொஞ்சம் இடறுகிறது.

ஜப்பான்காரன் தலை வெட்டிய கதை இந்த நாட்டில் பாதிப் பழைய கட்டடங்களுக்கு உண்டு. பள்ளிக்கூடங்களைக்கூட விடவில்லை. ஜப்பான் ஆட்சியின் அந்த மூன்று வருடம் எட்டு மாதத்தில் நடந்த கொடுமைகள் பொய்யில்லை. ஆனால் எல்லாக் கட்டடத்திலும் வெட்ட அவனுக்கு நேரம் இருந்திருக்காது.

எனக்கு உறுத்துவது வேறு. சிறு வயதில் சம்பள நாளில் அப்பாவோடு இப்படி ஓர் ஓட்டலின் கீழ்க்கடைக்குப் போவேன். ரொட்டி பாக்காரும் (சுட்ட ரொட்டி) கோப்பியும் வாங்கித் தருவார். மாடிப்படி பக்கம் நாங்கள் போனதே இல்லை, அதற்குக் காசு வேறு. இப்போது யோசித்தால், நான் கேட்ட ஓட்டல் பேய்களில் துரை உண்டு, ஜப்பான் சிப்பாய் உண்டு, பட்டுச் சட்டை போட்ட சீனப் பெண் உண்டு. தோட்டத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய ஒருத்தர்கூட இல்லை. பேயாக வருவதற்கும் ஒரு ராத்திரி வாடகை கட்டியிருக்க வேண்டும் போல.

எங்கள் பாட்டியின் தம்பியை 1943இல் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில் பாதை போடக் கொண்டு போனார்கள். பர்மா வரைக்கும் 415 கிலோமீட்டர். தோட்டங்களிலிருந்து அப்படிப் போன தமிழர்கள் பல்லாயிரம் பேர், திரும்பாதவர்களும் ஆயிரக்கணக்கில். அவரும் திரும்பவில்லை. இறந்த தேதி தெரியாததால் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் பாட்டி ஓர் இலை போட்டு, வாசல் கதவைத் திறந்தே வைத்திருப்பார். யாரும் வந்து தட்டியதில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அவரைப் பற்றி ஒரு பேய்க் கதையும் கிளம்பவில்லை.

உங்கள் பாட்டி இருக்கிறார் என்றால், துரையை விட்டுவிட்டு, அவர் லயத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பெயர்கள் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.