பரோலோ: துவர்க்கும் ராஜா (கேள்வி பதில்)

கேள்வி: அண்ணா, 'ஒயின்களின் ராஜா' என்று சொல்லி பரோலோ வாங்கிக் கொடுத்தார்கள். ஊற்றினால் வெளிறிப் போய் இருக்கிறது. தண்ணீர் கலந்ததா?

பதில்: இல்லை தம்பி, அதன் நிறமே அதுதான். வடமேற்கு இத்தாலியில் பியமோந்தே பகுதியின் லாங்கே குன்றுகளில் விளையும் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையில் செய்வது. அதன் தோலில் நிறச்சத்து குறைவு. வெள்ளைத் தாளுக்கு மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மாதுளைச் சிவப்பு, ஓரத்தில் செங்கல் நிறம். வெளிறலாக இருக்கிறதே என்று மடக்கென்று குடித்தால்தான் தெரியும் சேதி.

கேள்வி: குடித்தேன், வாய் உலர்ந்துவிட்டது. கெட்டுப்போன பாட்டிலோ?

பதில்: அது டானின். நமக்கு விளக்கமே வேண்டாம், துவர்ப்பு என்றால் போதும். கொட்டைப்பாக்கு மென்றால் ஈறும் கன்னமும் இறுகுமே, அதேதான். கூடவே புளிப்பும் தூக்கல். துவர்ப்பு உலர்த்த, புளிப்பு எச்சில் ஊறவைக்க, இரண்டும் மாறி மாறி இழுப்பதுதான் பரோலோவின் குணம். நனைந்த அட்டைப்பெட்டி வாடை அடித்தால் மட்டும் கார்க் கோளாறு; கடையில் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: ரோஜா மணம், தார் மணம் என்கிறார்களே, கதையா?

பதில்: நானும் முதலில் கதை என்றுதான் நினைத்தேன். புளிப்புச் செர்ரி தவிர ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு வேலையில் மறந்துபோனேன். மூன்று மணி நேரம் கழித்து முகர்ந்தால் காய்ந்த ரோஜா இதழ், அதற்கு அடியில் வெயிலில் இளகும் ரோட்டின் வாசனை. வயதான பாட்டிலில் அதிமதுரம், தோல், புகையிலை, காளான் என்று மண்பக்கம் போகும்.

கேள்வி: 'பாரம்பரிய முறை' என்று லேபிளில் இருந்தால் என்ன அர்த்தம் சார்?

பதில்: நெபியோலோ பழுக்க நாளாகும், பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடை. பழைய முறையில் சாற்றைத் தோலோடு ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல் ஊறவிடுவார்கள். அப்புறம் ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் பெரிய ஓக் பீப்பாய். வருடக்கணக்கில் புழங்கிய பீப்பாய் என்பதால் மரத்தின் ருசி ஒயினில் ஏறாது. சட்டப்படி மொத்தம் 38 மாதம் வைத்திருக்க வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். ரிசெர்வா என்று லேபிளில் போடும், இன்னும் நாள் வைத்த வகை என்றால் 62 மாதம்.

1980களில் இளைய தலைமுறை சில நாள் ஊறலே போதும் என்று 225 லிட்டர் பிரெஞ்சு பீப்பாய்களுக்கு மாறியது. அப்பாவும் மகனும் பேசாமல் போகும் அளவுக்குச் சண்டை. பழைய கட்சியில் நின்ற ஒயின் தயாரிப்பாளர் பார்த்தோலோ மஸ்கரெல்லோ, 'பாரிக் வேண்டாம், பெர்லுஸ்கோனி வேண்டாம்' என்று தன் பாட்டில் லேபிளிலேயே எழுதி ஒட்டினார்! (பாரிக் என்பதுதான் அந்தச் சின்னப் பீப்பாய்; பெர்லுஸ்கோனி இத்தாலியின் பிரதமராக இருந்தவர்.) இப்போது இரு தரப்பும் நடுவே வந்துவிட்டார்கள். ஆனாலும் சின்னப் பீப்பாயின் வெனிலா மணக்கும் பரோலோ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

கேள்வி: எந்த ஊர் பரோலோ வாங்கலாம்?

பதில்: மொத்தம் 11 ஊர்கள். லா மோரா பக்கம் மென்மை, மணம் அதிகம். செர்ரலுங்கா பக்கம் துவர்ப்பும் திடமும் அதிகம், பத்து வருடமாவது பொறுக்க வேண்டும்.

கேள்வி: அவ்வளவு காசு இல்லை அக்கவுண்டில்.

பதில்: 'லாங்கே நெபியோலோ' என்று போட்டதை வாங்குங்கள். அதே திராட்சை, இளசு, விலையும் குறைவு.

கேள்வி: தொட்டுக்கொள்ள?

பதில்: அந்த ஊரில் மாட்டிறைச்சியை பரோலோவிலேயே மணிக்கணக்கில் வேகவைப்பார்கள், பெயர் பிரசாத்தோ. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பை அடக்கிவிடும். காரத்தோடு மட்டும் வேண்டாம். ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி இருக்கும், மிளகாயும் சேர்ந்தால் நாக்கு எரியும், துவர்ப்பும் இரண்டு பங்காகத் தெரியும். ஒருமுறை மிளகு வறுவலோடு குடித்துப் பார்த்தேன். ரோஜாவும் இல்லை, தாரும் இல்லை.