வேற்றுக்கிரக உயிரோடு முதல் சந்திப்பு தவறாகப் போவதை மிக நன்றாகச் சொன்ன தொலைக்காட்சி எபிசோட் எது? ஏன்?

எனக்கு இதற்கு ஒரே பதில்தான். பழைய ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொடரின் முதல் சீசனில் வந்த 'தி டெவில் இன் த டார்க்'. 1967 மார்ச் 9 அன்று அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. எழுதியவர் ஜீன் கூன், இயக்கியவர் ஜோசஃப் பெவ்னி. இதற்குப் பிறகு எவ்வளவோ பார்த்துவிட்டேன், இந்த இடத்துக்கு வேறொன்று வரவில்லை. ஏன் என்று சொல்ல முழுக் கதையையும் சொல்லியாக வேண்டும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

ஜேனஸ் 6 என்ற கோளில் ஒரு சுரங்கக் குடியிருப்பு. பெர்ஜியம் என்ற கனிமத்தை வெட்டி எடுக்கிறார்கள். வாழ்க்கை முழுவதும் நிலத்துக்கு அடியில்தான். கீழே புதிதாக ஒரு தளத்தைத் திறக்கிறார்கள். கொஞ்ச நாளில் இயந்திரங்கள் அரித்துக் கரைய ஆரம்பிக்கின்றன. பிறகு ஆட்கள் சாகிறார்கள், அமிலம் ஊற்றியதுபோல உடல் கருகி. ஐம்பது பேர் செத்த நிலையில்தான் கேப்டன் கர்க், ஸ்பாக், டாக்டர் மெக்காய் மூவரும் எண்டர்பிரைஸ் விண்கப்பலிலிருந்து இறங்குகிறார்கள்.

முதல் பேச்சு சுரங்கத் தலைவர் வாண்டர்பெர்கின் அறையில் நடக்கிறது. அவர் மேசைமேல் பந்து அளவில் ஒரு கல் உருண்டை. ஸ்பாக் அதைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்கிறார். சிலிக்கான் உருண்டை, கீழே லட்சக்கணக்கில் கிடக்கின்றன, வணிக மதிப்பு கிடையாது என்கிறார் வாண்டர்பெர்க். அவ்வளவுதான். பேச்சு கொலைகளுக்குத் திரும்பிவிடுகிறது.

மொத்தக் கதையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அந்த உருண்டை ஒரு முட்டை. பூதம் என்று இவர்கள் தேடிக்கொண்டிருப்பது அதன் தாய். புதிய தளத்தைத் திறந்தபோது இவர்கள் உடைத்து நுழைந்தது ஒரு பிள்ளைக்கூட்டுக்குள். ஆயிரக்கணக்கான உருண்டைகளை வாரிக் கொட்டி உடைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நமக்குக் கடைசியில்தான் தெரியும், ஆனால் பொருள் முதல் சில நிமிடங்களிலிருந்தே கண்முன் இருக்கிறது. 'இது என்ன' என்று கேட்டவருக்கு 'இது என்ன விலை போகும்' என்பதற்கான பதில் கிடைத்தது. வாண்டர்பெர்க் கெட்டவர் இல்லை. ஒரு சுரங்கக்காரர் கல்லைப் பார்க்கும் பார்வை அது, அவருக்கு வேறு பார்வை தேவைப்பட்டதே இல்லை. தவறான புரிதல் என்றால் மொழி தெரியாமல் வருவது என்றுதான் பெரும்பாலான கதைகள் காட்டும். இங்கே மொழியே இன்னும் வரவில்லை. அதற்கு முன்னாலேயே தப்பு நடந்து முடிந்துவிட்டது.

சில வருடங்களுக்கு முன்பு இதை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் "நீ சும்மா இரு, நானே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கர்க் தனியாக ஒரு குகைக்குள் போய் நிற்கிறார், தரை முழுக்க அந்த உருண்டைகள். பாறையைத் துளைத்துக்கொண்டு அந்த உயிர் வெளியே வருகிறது. அம்மா உடனே சொன்னார்: "அது அடை படுத்திருக்குடா. கிட்டப் போனா கொத்தாம என்ன செய்யும்?"

எங்கள் வீட்டில் அம்மா கோழி வளர்த்தவர். அடைக்கோழி எப்படி இருக்கும் என்று வளர்த்தவர்களுக்குத் தெரியும். இரை எடுக்கக்கூட எழுந்திருக்காது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு உடம்பை இரண்டு மடங்காகக் காட்டும். தினமும் தீனி வைக்கிற கையையே கொத்தும். அதை யாரும் கெட்ட கோழி என்று சொல்வதில்லை. ஸ்பாக் தன் அறிவையெல்லாம் திரட்டி வந்து சேர்ந்த இடத்துக்கு, ஒரு வசனம்கூடப் புரியாமல் அம்மா வந்து சேர்ந்தார். கதை உண்மையாக எழுதப்பட்டிருப்பதால்தான் அது முடிந்தது என்று நினைக்கிறேன். தடயங்கள் எல்லாம் காட்சியிலேயே இருக்கின்றன.

அந்த உயிரின் பெயர் ஹோர்ட்டா. ஹங்கேரியில் பிறந்த சாகச நடிகர் யானோஷ் ப்ரோஹாஸ்கா, தானே வடிவமைத்த உடைக்குள் புகுந்து தவழ்ந்து நடித்தார். அந்த உடையைப் பார்த்த பிறகுதான் கூன் இந்தக் கதையையே எழுதினார் என்பார்கள். இன்றைய கண்ணுக்கு அது ஒரு பெரிய கம்பளி மூட்டை மாதிரித்தான் தெரியும். முகம் இல்லை, கண் இல்லை, குரல் இல்லை. அது நல்லதாகவே போயிற்று. கண்ணும் வாயும் இருந்திருந்தால் நாம் சீக்கிரம் இரங்கிவிடுவோம். ஒரு பாறைக் குவியல்மேல் இரக்கம் வர வேண்டும் என்றால் கதை உழைத்தாக வேண்டும், இந்தக் கதை உழைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் கர்க்கும் ஸ்பாக்கும் பக்கம் மாறுவது. முதலில், பார்த்தவுடன் சுட்டுக் கொல்லச் சொல்வது கர்க். ஐம்பது பேர் செத்திருக்கிறார்கள், சுரங்கத்தின் அணு உலையை இயக்கும் பம்ப்பையும் அது எடுத்துக்கொண்டு போய்விட்டது, நேரம் இல்லை. ஸ்பாக்தான் தயங்குகிறார். அதன் இனத்தில் இது கடைசி உயிராக இருக்கலாம், கொன்றால் அறிவியலுக்குப் பெரிய இழப்பு என்கிறார். பிறகு கூரை சரிந்து இருவரும் பிரிந்துவிடுகிறார்கள். கர்க் அந்த உயிரின் முன் தனியாக நிற்கிறார். இப்போது ஸ்பாக் தொடர்புக் கருவியில் பதறுகிறார், உடனே கொன்றுவிடுங்கள் என்று. கர்க் சுடவில்லை. துப்பாக்கியைத் தூக்கினால் அது பின்வாங்குகிறது, இறக்கினால் அங்கேயே நிற்கிறது. அதைக் கண்ணால் பார்த்துவிட்ட மனிதரால் சுட முடியவில்லை. உயிர்களைக் காக்க வேண்டும் என்று வாதாடியவரோ தன் நண்பனுக்கு ஆபத்து என்றதும் கொல்லச் சொல்கிறார்.

ஸ்பாக்கை இதற்காக நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய முந்தைய கருத்து அறிவால் வந்தது, இது அன்பால் வந்தது. சுரங்கத் தொழிலாளர்கள் தடிகளோடு வந்து நிற்பதும் தோழர்களை இழந்த துக்கத்தில்தான். ஹோர்ட்டா கொன்றதும் பிள்ளைகளை இழந்த துக்கத்தில்தான். யாருடைய துக்கமும் பொய் இல்லை.

ஸ்பாக் பாதி வேற்றுக்கிரகவாசி, தொட்டு இன்னொரு மனதோடு இணையும் திறன் உள்ளவர். அவர் வந்து சேர்ந்து அதன் மனதோடு தன் மனதை இணைக்கிறார். முதலில் வெளியே வருவது ஒரே சொல், வலி. அதையே திரும்பத் திரும்பக் கத்துகிறார். கர்க்கும் ஸ்பாக்கும் முன்பு சுட்டதில் அதன் உடம்பிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து போயிருந்தது, அந்தக் காயத்தின் வலி. இந்தப் படப்பிடிப்பின் நடுவில்தான் கர்க்காக நடித்த வில்லியம் ஷாட்னருக்குத் தன் தந்தை இறந்த செய்தி வந்தது. விமானம் ஏறும் நேரம் வரை இருந்து நடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். இது தெரிந்த பிறகு அந்தக் குகைக் காட்சிகளை என்னால் பழையபடி பார்க்க முடியவில்லை.

அந்த இணைப்புக்குப் பிறகு ஹோர்ட்டா நகர்ந்து, தன் அமிலத்தால் பாறையில் மூன்று ஆங்கிலச் சொற்களை எரித்து எழுதுகிறது: 'நோ கில் ஐ'. கர்க் கேட்கும் கேள்விதான் முக்கியம். என்னைக் கொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிறதா, நான் உங்களைக் கொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறதா? ஸ்பாக்குக்கும் தெரியவில்லை.

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தேன், முடியவில்லை. 'கொல்லேன்' என்றால் வாக்கு, 'கொல்லாதே' என்றால் கெஞ்சல். கொல்வது யார் என்பது நம் மொழியில் வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த மங்கல் வேண்டுமென்றால் 'கொலை இல்லை நான்' என்று வாலை வெட்டித்தான் எழுத வேண்டும். ஒரு உயிர் தன் வாழ்நாளில் முதல் முறையாக எழுதும் வாக்கியம் இரண்டு அர்த்தத்தையும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டுமே அதற்கு வேண்டும், நமக்கும் வேண்டும். ஆசிரியர் இலக்கணத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சமாதான ஒப்பந்தத்தையே வைத்துவிட்டார்.

அப்புறம் மெக்காய் வருகிறார். சிலிக்கானால் ஆன உயிர் இருக்கவே முடியாது என்று ஆரம்பத்தில் சொன்னவர் அவர்தான். காயத்தைப் பார்த்துவிட்டு, நான் டாக்டர், கொத்தனார் இல்லை என்கிறார். பிறகு கொத்தனார் வேலையையே செய்கிறார். அவசரக் கூடாரம் கட்டும் கான்கிரீட்டை வரவழைக்கிறார், அதில் பெரும்பகுதி சிலிக்கான், அதைக் கையால் குழைத்துக் காயத்தில் பூசுகிறார். ஆறிவிடுகிறது.

அவருடைய முதல் சந்தேகம் அறிவியல்படி நியாயமானதே. தனிம அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இருப்பது சிலிக்கான். அதற்கும் நான்கு கைகள், நான்கு பிணைப்புகள். பூமியின் மேலோட்டில் எடையில் கால் பங்குக்கும் மேல் சிலிக்கான்தான், இருந்தும் இங்கே உயிர் கார்பனில்தான் உருவானது. சிலிக்கான் அணுக்கள் தமக்குள் கோக்கும் சங்கிலி பலவீனமானது. இன்னொரு காரணம் மூச்சு. நாம் கார்பனை எரித்துக் கார்பன் டை ஆக்சைடாக வெளியே விடுகிறோம், அது வாயு. சிலிக்கானை எரித்தால் கிடைப்பது சிலிக்கா, அதாவது மணல். ஒவ்வொரு மூச்சிலும் மணலை வெளியே தள்ளும் உயிரைக் கற்பனை செய்வது கடினம். ஆனால் 2016-இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்சிஸ் அர்னால்டின் குழு, வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவின் புரதத்தைத் திருத்தித் திருத்தி, கார்பனையும் சிலிக்கானையும் இணைக்கும் வேலையைச் செய்ய வைத்துவிட்டது. 2018-இல் அர்னால்டுக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது, நொதிகளை இப்படிப் பழக்கி வளர்க்கும் முறைக்காக. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஹோர்ட்டாதான்.

கதைக்குத் திரும்புகிறேன். தொழிலாளர்கள் தடியோடு உள்ளே வருகிறார்கள். கர்க் குறுக்கே நின்று, முதலில் சுடுபவன் உயிரோடு இருக்க மாட்டான் என்கிறார். அது என் ஆட்கள் ஐம்பது பேரைக் கொன்றது என்று வாண்டர்பெர்க் கத்துகிறார். நீங்கள் அதன் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் கொன்றீர்கள் என்கிறார் கர்க். ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹோர்ட்டா இனமே இறந்துபோய், ஒரே ஒரு தாய் மட்டும் எல்லா முட்டைகளையும் காத்து நிற்கும் என்பது இங்கேதான் வெளிவருகிறது. "எங்களுக்குத் தெரியாதே, எப்படித் தெரியும்?" என்கிறார் வாண்டர்பெர்க். அந்தக் குரலில் இருக்கும் அதிர்ச்சி உண்மையானது.

இந்த எபிசோடில் ஒரு பெண்ணுக்குக்கூட வசனம் கிடையாது. மூன்று சீசன்களில் இது ஒன்றுதான் அப்படி. கதையில் இருக்கும் ஒரே தாய் அந்தப் பாறைதான், அவள் பேசுவதும் ஸ்பாக்கின் வாய் வழியாகத்தான்.

அமெரிக்கா வியட்நாம் போரில் ஆழமாக இறங்கியிருந்த நேரத்தில் இது வீடுகளுக்குள் போயிருக்கிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். கூன் அதே சீசனில், இரண்டு மாதத்துக்குள்ளாக, 'அரீனா' என்ற இன்னொரு எபிசோடுக்கும் திரைக்கதை எழுதினார். அதிலும் காரணமின்றித் தாக்கியதாக நாம் நினைக்கும் கூட்டம், தன் எல்லைக்குள் யாரோ நுழைந்துவிட்டதாக நினைத்துத்தான் தாக்கியிருக்கும். கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், பழைய ஸ்டார் ட்ரெக்கில் தனக்கு நினைவில் நின்றது ஹோர்ட்டா கதை ஒன்றுதான் என்று பின்னாளில் சொன்னார். விசித்திரமாகவும் ஆபத்தாகவும் இருக்கும் ஒன்று கெட்டதாக இருக்க வேண்டியதில்லை என்று அது காட்டியது என்பது அவர் சொன்ன காரணம்.

எனக்கு உறுத்தும் இடமும் ஒன்று உண்டு. முடிவில் ஒரு ஏற்பாடு செய்கிறார்கள். ஹோர்ட்டாக்கள் பாறையைக் குடைந்துகொண்டே போகும், இவர்கள் பின்னால் போய்க் கனிமத்தை அள்ளிக்கொள்ளலாம், எல்லோரும் பணக்காரர் ஆகலாம். வணிக மதிப்பு இல்லை என்று ஒதுக்கிய உயிருக்குக் கடைசியில் வணிக மதிப்பு வந்துவிடுகிறது. அதனால் ஒரு பலனும் இல்லை என்றால் அந்தத் தொழிலாளர்கள் தடியைக் கீழே போட்டிருப்பார்களா? கதை அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் தோன்றும்.

முட்டைகள் பொரிந்துவிட்டன என்ற செய்தி கப்பலோடு வாண்டர்பெர்க் பேசும் பேச்சில்தான் வருகிறது, குஞ்சுகளைக் காட்டுவதில்லை. அதுவரை எல்லாவற்றையும் தானாகவே பிடித்துக்கொண்ட அம்மாவுக்கு அது மட்டும் தெரியவில்லை. "என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டார். "குஞ்சு பொரிஞ்சிடுச்சாம்மா" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை தங்குச்சாம்?" என்று கேட்டார்.

அதைக் கதையில் சொல்லவில்லை.