மின்நூல் வாசிக்க எந்தக் கருவி? கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை ஆசிரியை: பத்தாம் வகுப்புத் தமிழ்வழிப் பாடநூல்கள் பிடிஎஃப்பாக இருக்கின்றன. 6 அங்குலக் கிண்டில் (அமேசானின் மின்நூல் வாசிப்புக் கருவி) போதுமா?

போதாது டீச்சர். கருவியைப் பார்ப்பதற்கு முன் கோப்பைப் பாருங்கள். ஏ4 பக்கத்தின் அகலம் 21 செ.மீ. 6 அங்குலத் திரையின் அகலம் 9 செ.மீ. சொச்சம்தான். 12 பாயின்ட் எழுத்து 5 பாயின்டாகச் சுருங்கிவிடும். முதலில் காணாமல்போவது மெய்யெழுத்தின் புள்ளி. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடவலமாக நகர்த்த வேண்டும். பிடிஎஃப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் நிலையாகக் குறிக்கப்பட்டிருப்பதால் வரிகள் திரைக்கேற்ப மடங்காது.

10.1 அங்குல டேப்லெட் வாங்குங்கள். படுக்கைவாட்டில் வைத்தால் திரை அகலம் 21.7 செ.மீ.; எழுத்து அசல் அளவிலேயே தெரியும். இரண்டு முறை கீழே தள்ளினால் ஒரு பக்கம் முடியும். வரைபடங்களும் வண்ணத்தில் கிடைக்கும். 1280×800 பிக்சல் திரை வேண்டாம், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். 1920×1200க்குக் குறையாமல் பாருங்கள்.

மூணாறு: இரவில் நாவல் மட்டும்தான் படிப்பேன். எஸ்டேட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

உங்களுக்குக் கிண்டில் போன்ற கருவிகளில் வரும், காகிதம்போல் தெரியும் மின்மைத் (இ-இங்க்) திரைதான் சரி. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. விளக்கைக் குறைத்து வைத்தால் கரண்ட் போனாலும் பல நாள் ஓடும். டவுனுக்குப் போகும்போது வைஃபையில் நூல்களை இறக்கிக்கொண்டால் பிறகு சிக்னலே தேவையில்லை.

கிண்டில் என்றால் ஈபப் கோப்பை (திரைக்கேற்ப வரிகள் மடங்கும் மின்நூல் வடிவம்) கேபிளில் நகலெடுக்காதீர்கள், நூலகத்தில் தெரியாது. அமேசானின் 'சென்ட் டு கிண்டில்' சேவை வழியாக அனுப்புங்கள். கோபோ என்ற இன்னொரு வாசிப்புக் கருவி ஈபப்பை நேரடியாகத் திறக்கும். ஆனால் எந்தக் கருவியானாலும் வாங்கும் முன் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து 'கொடுக்கிறேன்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போயிருந்தாலோ, புள்ளியிட்ட வட்டம் வந்தாலோ அந்தக் கருவி வேண்டாம். இலவசத் தமிழ் மின்நூல்கள் தரும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் ஈபப்போடு 6 அங்குலத் திரைக்கான பிடிஎஃப்பும் தனியாகக் கிடைக்கிறது.

சித்தூர்: பழைய பிடிஎஃப்பை காலிபர் என்ற மின்நூல் மென்பொருளில் ஈபப்பாக மாற்றினேன். தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சானது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதன்மேல் தமிழ் வடிவத்தைக் காட்டியது. ஈபப்பில் அந்த எழுத்துரு விடுபட்டதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது. உரையைப் பாமினி–யுனிகோடு மாற்றியில் போட்டு, பிறகு காலிபருக்குக் கொடுங்கள். ஸ்கேன் நூலாக இருந்தால் இந்த வழி உதவாது. 2 எம்பிக்குள் வரும்படி துண்டுகளாகப் பிரித்து கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள்; படத்திலுள்ள எழுத்து உரையாக மாறும். ஒகரம், ஓகாரம், ற–ர மூன்றையும் மூலநூலோடு கட்டாயம் ஒப்புநோக்க வேண்டும்.

வேலந்தாவளம்: தமிழும் மலையாளமும் ஒரே கிண்டிலில் வருமா?

வரும்.

கோவிந்தாபுரம்: பழைய கிண்டில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

விற்பவர் தன் அமேசான் கணக்கைக் கருவியிலிருந்து நீக்கித் தந்தால் மட்டும் வாங்குங்கள். பணம் கொடுக்கும் முன்பே உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். 2022க்கு முந்தைய அடிப்படை மாடல் என்றால் அங்குலத்துக்கு 167 பிக்சல்தான். சிறிய எழுத்தில் 'ண', 'ன' சுழிகள் கலங்கித் தெரியும். அதே விலைக்குப் பழைய 300 பிக்சல் கிண்டில் பேப்பர்வொய்ட் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள்.