அது கல்தானா, சிறுவயதில் போட்ட ஊசியா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. சிறுநீர் திரும்பச் சிறுநீரகத்துக்கே ஏறும் பிரச்சினைக்காக, ஆறு வயதில் சிஸ்டோஸ்கோப்பி (சிறுநீர்ப்பைக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக இரண்டு பக்கமும் டிஃப்ளக்ஸ் ஊசி போட்டார்கள். போன மாதம் வயிற்றுவலிக்கு எடுத்த சி.டி. ஸ்கேனில், இடது சிறுநீர்க்குழாயின் அடிமுனையில் 6 மி.மீ. கல் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. வலி மறுநாளே நின்றுவிட்டது. கல்லை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ரிப்போர்ட் எழுதியவருக்கு அந்தப் பழைய ஊசி விஷயம் தெரியுமா? தெரியாவிட்டால், அதைச் சொல்லி அதே படங்களை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

டிஃப்ளக்ஸ் என்பது நுண்ணிய மணிகள் கலந்த ஜெல். சிறுநீரகத்திலிருந்து வரும் சிறுநீர்க்குழாய் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடத்தில், உட்தோலுக்கு அடியில் அதைச் செலுத்துவார்கள். அங்கே சின்ன மேடு எழும்பி, சிறுநீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும். ஜெல் நாளடைவில் கரைந்துவிடும். மணிகள் தங்கி, சுற்றிலும் திசு வளரும். சிலருக்குச் சில வருடங்கள் கழித்து அதில் கால்சியம் படிகிறது. அப்புறம் சி.டி.யில் அது வெள்ளையாக, அசல் கல் மாதிரியே தெரியும். கல் வழக்கமாக வந்து சிக்கும் இடமும் அதுவேதான். அனுபவசாலிகளே ஏமாறுவதுண்டு. கல் என்று நம்பிக் கருவியை விட்டுப் பார்த்து, குழாய்க்குள் ஒன்றும் இல்லாமல் திரும்பியதும் நடந்திருக்கிறது.

அல்ட்ராசவுண்டிலும் குழப்பம் உண்டு. கால்சியம் படிந்த மேட்டுக்குப் பின்னாலும் கல்லுக்குப் போலவே கறுப்பு நிழல் விழும். ஆகவே நிழலை வைத்து முடிவெடுக்க முடியாது. இடத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைப் புள்ளி குழாயின் உள்ளே இருக்கிறதா, பையின் சுவரிலா? அதற்கு மேலே குழாய் வீங்கியிருக்கிறதா? டாப்ளரில் (ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) அந்தப் பக்கத்துச் சிறுநீர் தாரையாகப் பைக்குள் பாய்கிறதா? உங்கள் மகளுக்கு இரு பக்கமும் ஊசி போட்டதால், வலப்பக்கம் அதே இடத்திலும் புள்ளி இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் ஊசி மருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பழைய ஸ்கேன் ஏதாவது வீட்டில் இருந்தால் அதையும் கொடுங்கள்.

சுவரில் இருப்பது ஊசி மருந்துதான், வீக்கம் இல்லை என்றால் எடுக்கத் தேவையில்லை. மறுபடி பார்க்க அல்ட்ராசவுண்டே போதும், அடிக்கடி சி.டி. எடுத்துக் கதிர்வீச்சு ஏற்ற வேண்டாம்.

ஆனால் ஊசி போட்டவர்களுக்கும் நிஜக் கல் வரலாம். அபூர்வமாக, அந்த மேடே வருடங்கள் கழித்துக் குழாயை அடைப்பதும் உண்டு. சிறுநீரகம் வீங்கியிருந்தாலோ, வலி திரும்பினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ உடனே சிறுநீரியல் மருத்துவரைப் பாருங்கள். வலியோடு காய்ச்சலும் குளிரும் சேர்ந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.