கெண்டைக்காலில் ரத்தக்கட்டி: நடந்தால் நகர்ந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஒன்பது வாரங்களுக்கு முன் இடது கெண்டைக்காலில் ஆழமான சிரையில் ரத்தக்கட்டி இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தவறாமல் எடுத்துக்கொள்கிறேன். மெல்ல உடற்பயிற்சி தொடங்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பு வாரத்தில் நான்கு நாள் 5 கி.மீ. ஓடியவள் நான். இப்போது மாடிப்படி ஏறவே மனசு வரவில்லை. கட்டி பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: 'பிய்த்துக்கொண்டு' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பயத்தோடு நானும் பல இரவுகள் விழித்துக் கிடந்திருக்கிறேன். கணுக்கால் முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தபோது எனக்கும் அதே இடத்தில் கட்டி வந்தது. பிசியோதெரபிஸ்ட்டாக எத்தனையோ பேரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்கவைத்தவள். என் கால் என்று வந்தபோது குளியலறை வரை போகவே சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

மருந்து ஒழுங்காக உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது, நடப்பதால் கட்டி நுரையீரலுக்குப் போகும் ஆபத்து கூடுவதில்லை. ஒரு காலத்தில் இந்த நோய்க்குப் படுத்தே கிடக்கச் சொன்னார்கள். பிறகு, படுத்திருந்தவர்களையும் எழுந்து நடந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் நடந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து எதுவும் தெரியவில்லை. மாத்திரை கட்டியைக் கரைப்பதில்லை, வளரவிடாமல் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடம்பே வாரக்கணக்கில், மாதக்கணக்கில் செய்கிறது. அந்தச் சமயத்தில் நீங்கள் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் கெண்டைக்கால் தசை சுருங்கி, சிரைகளைப் பிழிந்து, தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. அசையாமல் உட்கார்ந்திருப்பதுதான் காலுக்குக் கெடுதல்.

முதல் வாரம் சமதரையில் 10 நிமிட நடை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகம் போதும். உட்கார்ந்திருக்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கால் ஒத்துக்கொண்டால் சில நாட்களுக்கு ஒருமுறை 5 நிமிடம் கூட்டலாம்.

ஒத்துக்கொள்கிறதா என்று எப்படித் தெரியும்? நான் ஓர் இன்ச் டேப்பைத் தலைமாட்டிலேயே வைத்திருந்தேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் கோடு போட்டு, எழுந்ததும் இரண்டு கால்களையும் அந்த இடத்தில் அளந்து எழுதிவைப்பேன். ஒருநாள் உடம்பு லேசாக இருக்கிறதே என்று 40 நிமிடம் நடந்துவிட்டேன். மறுநாள் காலை 1 செ.மீ. கூடியிருந்தது. டாக்டரிடம் கேட்டேன். வலியோ சூடோ இல்லை, மாத்திரையும் விடவில்லை என்பதால் நடையைக் குறைக்கச் சொன்னார். 15 நிமிடத்துக்கு இறங்கினேன், இரண்டே நாளில் வீக்கம் வடிந்தது. மாலையில் கால் கனத்து, உயர்த்தி வைத்தால் வடிந்துவிடும் வீக்கம் பலருக்கும் வருவதுதான். விடிந்த பிறகும் நிற்கிற வீக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

பயிற்சி செய்த வலி பெரும்பாலும் இரண்டு கால்களிலும் வரும், ஓரிரு நாளில் தணியும். ஒரே கால் திடீரென்று வீங்கி, சூடாகி, நிறம் மாறி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். நெஞ்சுவலி, திடீர் மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

ஓட்டத்துக்கு அவசரம் வேண்டாம். அரை மணி நேர வேக நடைக்குப் பிறகும் மறுநாள் டேப் பழைய அளவையே காட்டினால், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு 1 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நடை என்று தொடங்குங்கள். தசை வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். கெண்டைக்காலை அழுத்திப் பிடித்துவிடவும் யாரையும் விடாதீர்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வலியே இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: நுரையீரலில் கட்டி வந்து நான்கு மாதமாகிறது. மருந்து எடுத்தும் ஒரு மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது. பயிற்சி போதவில்லையா?
- 56 வயது வாசகர்

பதில்: நீண்ட ஓய்வில் உடம்பு தளர்ந்ததால் இருக்கலாம், பலருக்கு அப்படித்தான். ஆனால் மூன்று மாதச் சிகிச்சைக்குப் பிறகும் மூச்சு வாங்கினால் அதைப் பயிற்சிக் குறை என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம், ஐயா. சிலருக்குக் கட்டி முழுதும் கரையாமல் தழும்பாகி, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருக்கும். அதற்குத் தனி சிகிச்சை இருக்கிறது. எக்கோ பரிசோதனை தேவையா என்று இந்த வாரமே உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். அதுவரை சமதரை நடை மட்டும் போதும்.